அவர் காதில் விழாமல்

திருத்தங்கல்
14-7-2024

அன்புள்ள பிரீத்திகாவுக்கு, உன் மதினி அருணாதேவி எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீ சிரிப்பாய், அதனால் நடமாடிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள். பெங்களூர்க் குளிரில் உன் மூக்கடைப்பு எப்படி இருக்கிறது?

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். நம் வீடு ஒன்றரை அறை. எங்கே நின்று பேசினாலும் உன் அண்ணன் கட்டிலுக்குக் கேட்கும். அவர் முன்னால் பேசக்கூடாத பேச்சு நமக்குள் நிறைய இருக்கிறது. காதில் விழுகிறதா இல்லையா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லையே. ஆகவே அவரைப் பற்றிய பேச்சு இனி எழுத்தில்தான். காகிதத்துக்குப் பஞ்சமில்லை. வேலை பார்க்கிற பிரஸ்ஸில் கலர் ஒழுங்காக விழாத காலண்டர்த் தாள்களை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். திருப்பிப் பார்த்தால் இரண்டு மூக்கோடு ஒரு முருகன் இருப்பார். கன்னத்தில் போட்டுக்கொள்.

பங்குனியில் கம்பெனியில் வெடித்து அந்தச் சுவர் அவர் தலையில் விழுந்ததிலிருந்து அப்படியேதான் இருக்கிறார். கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. மூக்குக் குழாயில் கஞ்சி போகிறது. ஒவ்வொரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்க, கேக்குதா? இன்னிக்கு மழை வந்திச்சு" என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். பட்டாசுக் கம்பெனி ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, "போர்மேன் செந்தூர்பாண்டி அண்ணாச்சி எப்படி இருந்த ஆளு" என்று அவர் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போகிறார்கள். வாயை மூடச் சொல்ல முடியவில்லை.

சிவகாசி டாக்டர் ஒன்று கேட்டிருக்கிறார். இவருக்கு நெஞ்சில் சளி அடிக்கடி கட்டுகிறது. "அடுத்த தடவை மூச்சு மெஷின்ல போடணுமா வேண்டாமா, யோசிச்சு வச்சுக்கிடுங்கம்மா" என்றார். உள்ளே உன் அண்ணன் இருந்தால் எமனோடு கட்டிப்புரளுவேன். இல்லையென்றால் வெறும் உடம்பைக் குத்திக் கிழிக்க எனக்கு மனம் வராது. நீ மூளையைப் படம் பிடிக்கிற வேலையில் இருக்கிறாய். அவர் இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்ல உன் மெஷினால் முடியுமா?

இப்படிக்கு
அருணாதேவி


பெங்களூரு
25-7-2024

அன்புள்ள மதினிக்கு வணக்கம். மூக்கடைப்பு தேவலை. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அண்ணனைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது தனியாகச் செய்யாதீர்கள்.

முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முயலலாம். கையை அசைப்பதாக ஒருவர் மனதில் நினைத்தாலே போதும், மூளையில் கைக்குரிய இடத்துக்கு ரத்தம் கூடுதலாக ஓடும். கை அசைய வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ. மெஷின் அந்த ரத்த ஓட்டத்தைப் படமாக எடுக்கும். பல பேருடைய படங்களைச் சேர்த்துப் பொதுவாகக் கணக்குப் போடுவது பழைய முறை. அடிபட்ட மூளைக்கு அது உதவாது. ஒரே ஒருவருடைய மூளையை, அவர் நினைக்கிற நேரத்திலேயே வேகமாகப் படம் எடுக்கிற முறையைத்தான் எங்கள் குழு உருவாக்கிக்கொண்டிருக்கிறது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அதைச் சோதித்துப் பார்க்கிறோம். அண்ணனை அங்கே கொண்டுவரலாம். மெஷின் பெரிய காந்தம், அதனால் உடம்பில் இரும்பு எதுவும் இல்லை என்று முதலில் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இந்தச் சோதனைக்குப் பந்து விளையாடுவதாக நினைக்கச் சொல்வார்கள். அண்ணன் மட்டையைத் தொட்டதுண்டா? நான் சரம் பின்னச் சொல்லப் போகிறேன். போர்மேன் ஆவதற்கு முன்னால் பத்து வருஷம் சரவெடி பின்னிய கை. தூக்கத்தில்கூடப் பின்னும் என்று நீங்களே சொல்வீர்கள்.

ஆவுடைத்தாய் வந்து பார்த்தாளா? வெடித்ததும் வெளியே வந்துவிட்ட மனிதர், கூட வேலை பார்த்த அவளை இழுக்கத்தானே திரும்ப உள்ளே போனார். அவள் கை ஆறிவிட்டதா?

அன்புடன்
பிரீத்திகா


திருத்தங்கல்
3-8-2024

அன்புள்ள பிரீத்திகாவுக்கு, இங்கே வெயில் குறையவில்லை, என் முதுகும் குறையவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இன்று ஆடிப்பெருக்கு. பிரஸ்ஸில் பூசை போட்டுப் புது வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியே விட்டாயிற்று. இனி மார்கழி வரை தலை நிமிர நேரம் இருக்காது, ஆனால் நீ சொல்கிற நாளில் லீவு போட்டுவிடுகிறேன். உடம்பில் இரும்புத்தூள் ஏதும் தங்கியிருக்கிறதா என்று நீ எடுக்கச் சொன்ன எக்ஸ்ரே எடுத்தாயிற்று. ஒன்றுமில்லை. இரும்புத்தூள் சேர்க்கிற கம்பி மத்தாப்புப் பக்கம் போகாத மனிதர்.

சரம் பின்னச் சொல்லப் போவதாக எழுதியிருந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. கல்யாணமான புதிதில் என் தலையைப் பின்னிவிட்டார், தெரியுமா? இழுத்துக் கட்டியதில் இரண்டு நாள் மண்டை வலித்தது. நீ சொன்னால் பின்னுவார். கட்டாயம் பின்னுவார்.

அன்று ஆம்புலன்ஸ் காலையிலேயே கிளம்பிவிடும். வேறு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு
அருணாதேவி


திருத்தங்கல்
8-9-2024

அன்புள்ள பிரீத்திகாவுக்கு, நலந்தானே? மதுரையில் உன்னைப் பார்த்தபோது கண்ணுக்குக் கீழே கருப்புத் தட்டியிருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளி.

மதுரையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும் என்றாய். கணக்கு இவ்வளவு நாள் பிடிக்கும் போலிருக்கிறது. அன்றைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேனே, சுவரைத் தாண்டி அந்த மெஷின் சத்தம் வந்தது. சற்று நேரம் சும்மா இருக்கும், பிறகு சரவெடியைக் கொளுத்திப் போட்டமாதிரி தடதடவென்று அடிக்கும். நானே காதைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "இப்படித்தான் இருக்கும், பயப்படாதீக" என்றாள். அவளுக்கு மதுரை. வெடிச் சத்தத்தைப் பற்றி அவளுக்கென்ன தெரியும்.

நான் இவரிடம் தினமும் சொல்கிறேன், "தங்கச்சி லெட்டர் வரும், பாத்துக்கிட்டே இருங்க" என்று.

இப்படிக்கு
அருணாதேவி


பெங்களூரு
19-9-2024

அன்புள்ள மதினிக்கு, நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே மழை. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்.

வேலை அதிகம், அதனால் எழுதவில்லை. அண்ணனுக்குச் சளி எப்படி இருக்கிறது? கால் விரல்களுக்குப் பயிற்சி கொடுக்கிறீர்களா? படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். படங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. தலை அசையாமல் இருந்தது பெரிய உதவி. இன்னும் சில விஷயங்களைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

ஆவுடைத்தாய் பற்றிக் கேட்டிருந்தேன். நீங்கள் எழுதவில்லை.

உங்கள் உடம்பையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
பிரீத்திகா


திருத்தங்கல்
24-9-2024

பிரீத்திகாவுக்கு,

உடம்பு எப்படி, சளி எப்படி, கால்விரல் எப்படி என்று வரிக்கு வரி விசாரித்திருக்கிறாய். ரொம்பச் சந்தோஷம். கேட்டதற்குப் பதில் இல்லை. நீ சின்னப்பிள்ளையில் பரீட்சையில் தேறாதபோது இப்படித்தான் எல்லாரையும் நலம் விசாரித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவாய்.

இல்லை என்றால் இல்லை என்று எழுது. டாக்டரிடம் பதில் சொல்ல வேண்டியவள் நான். போன வாரம் மறுபடியும் நெஞ்சு கரகரத்தது. அது பெரிதாகும்போது நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று யோசிக்க முடியாது.

நீ கேட்டதற்கெல்லாம் நான் பதில் எழுதினால் காலண்டர்த் தாள் பத்தாது. முதலில் நீ எழுது.

அருணாதேவி


பெங்களூரு
3-10-2024

அன்புள்ள மதினிக்கு,

கோபம் நியாயம்தான். எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

"அண்ணே, சரம் பின்னுங்க" என்று காதில் சொன்னபோதும், "போதும், சும்மா இருங்க" என்று சொன்னபோதும் படம் எடுத்தோம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பார்ப்பதுதான் முறை. அண்ணன் பின்னியிருந்தால் கைக்குரிய இடம் மட்டும் மிச்சமாகத் தெரியும். ஒன்றும் தெரியவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன் மதினி. ஒன்றும் இல்லை.

இதனால் அண்ணன் உள்ளே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அந்த நேரம் தூங்கியிருக்கலாம். எங்கள் முறையே இன்னும் முதிராதது, நல்ல நினைவோடு இருப்பவர்களிடமும் சில சமயம் தவறுகிறது. இதை வைத்து டாக்டரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அவர் எனக்கு அண்ணன், உங்களுக்குத்தான் வீட்டுக்காரர்.

பிரீத்திகா


திருத்தங்கல்
2-11-2024

அன்புள்ள பிரீத்திகாவுக்கு, நலம் கேட்டு எழுதுகிறேன். தீபாவளிக்கு என்ன பலகாரம் சாப்பிட்டாய்?

உன் கடிதம் வந்த மறுநாள் டாக்டரிடம் போய், "மூச்சு மெஷின் வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டேன். எதுவும் சொல்ல வேண்டாம் என்றுதான் நீ எழுதியிருந்தாய். எனக்கு ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அவரோடு பேசுவதையும் விட்டுவிட்டேன். குழாயில் கஞ்சி ஊற்றுகிறேன், துடைக்கிறேன், புரட்டுகிறேன். ஆள் இல்லாத வீட்டில் குரல் கொடுப்பது எவ்வளவு நாளைக்கு?

ஆனால் தீபாவளி வந்ததும் ஜன்னலையெல்லாம் சாத்திப் போர்வையைத் தொங்கவிட்டு அவர் காதில் பஞ்சு வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதே. விற்றது போக மிச்சத்தை இந்த ஊரே சேர்ந்து வெடிக்கிறது, பஞ்சு எம்மாத்திரம்? விரலில் மாட்டுகிற அந்த நாடித்துடிப்புக் கருவி இருக்கிறதே, தெருவில் சரவெடி விழுந்தபோதெல்லாம் அது குதித்தது. எண்பதில் இருந்தது நூற்று முப்பதுக்குப் போனது. வெடி நின்றதும் மெல்ல இறங்கியது. அணுகுண்டுக்குக்கூட அவ்வளவு இல்லை, சரவெடிக்குத்தான். முகத்தில் ஒரு மாற்றமும் கிடையாது. நெற்றி மட்டும் வேர்த்திருந்தது.

கருவி பழசு, பேட்டரி தீர்ந்திருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நீ படித்தவள், இது உனக்கு ஒன்றுமில்லாமல் இருக்கலாம். எழுதாமல் இருக்க முடியவில்லை.

இப்படிக்கு
அருணாதேவி


பெங்களூரு
12-11-2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு அண்ணனுடைய படங்களை மறுபடி திறந்தேன். இந்த முறை எதையும் கழிக்கவில்லை.

"பின்னுங்க" என்றபோது எடுத்த படத்திலும், "சும்மா இருங்க" என்றபோது எடுத்த படத்திலும் ஓர் இடம் ஒரே அளவில் தெரிகிறது. இரண்டும் சமமாக இருந்ததால் கழித்ததும் பூஜ்யம் ஆகிவிட்டது. அந்த இடம் கைக்குரியது அல்ல. உச்சந்தலைக்கு நேர் கீழே, மூளையின் இரண்டு பாதியும் சேர்கிற பள்ளத்தில் இருக்கிறது. கால்களுக்குரிய இடம். மெஷின் முழங்கத் தொடங்கிய ஒவ்வொரு தடவையும் அது தெரிகிறது.

அண்ணன் ஓடுகிறார் மதினி.

புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அண்ணன் முதல் நாள் சொல்வது நினைவிருக்கிறதா? "சத்தம் கேட்டா கையில இருக்கிறத அப்படியே போட்டுட்டு ஓடணும்லே, திரும்பிப் பாக்கக் கூடாது." எனக்கும் நீங்கள் வருவதற்கு முன்பிருந்தே அது பாடம். அப்படிப்பட்ட மனிதரைச் சரவெடிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து சரம் பின்னச் சொன்னேன். திருத்தங்கலில் பிறந்தவள் சொல்லக்கூடிய பேச்சா இது?

ஆனால் இதை மட்டும் வைத்து அவர் நாம் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்கிறார் என்று சொல்ல முடியாது. சத்தத்துக்கு உடம்பு தானாகவே பதறுவதாகவும் இருக்கலாம். ஒரு சொல்லைக் கேட்டு அந்த ஓட்டம் நிற்க வேண்டும். அப்போதுதான் சாட்சி. மெஷினின் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், முழுக்க நிறுத்த முடியாது. மறுபடி படம் எடுக்க இடம் கேட்டிருக்கிறேன். ஆபத்து தீர்ந்துவிட்டது, நில்லுங்கள் என்று உங்கள் குரலில் பதிவு செய்து அனுப்புங்கள். நீங்கள் சொன்னால் நிற்பார்.

பிரீத்திகா


திருத்தங்கல்
1-12-2024

அன்புள்ள பிரீத்திகாவுக்கு,

இடையில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். "மெஷின் வேண்டாம்னுதான சொன்னீக?" என்று நர்ஸ் கேட்டாள். "அவுகளுக்கு இன்னொரு படம் எடுக்க வேண்டியிருக்கு, பொறுங்க" என்றேன். மருந்திலேயே இறங்கிவிட்டது. இப்போது வீட்டில்தான்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏங்க, நில்லுங்க" என்று பேசிப் பார்த்தேன். எனக்கே சரியாகப் படவில்லை. நீ அவர் ஓடுகிறார் என்று எழுதினாய். வெளியே ஓடுவதாக நினைத்திருப்பாய். வெளியேதான் அவர் வந்துவிட்டாரே! பிறகு உள்ளே போனார். அந்த ஓட்டத்தில்தான் சுவர் விழுந்தது. ஆவுடைத்தாய் வெளியே வந்தாளா இல்லையா என்று அவருக்கு இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. என் குரலைக் கேட்டு அவர் ஏன் நிற்க வேண்டும்? உள்ளே இருந்தது நானா?

ஆவுடைத்தாய் இந்த வாசலுக்கு எத்தனையோ தடவை வந்தாள். வாசலோடு திருப்பி அனுப்பினேன். ஒரு தடவை அவள் கொண்டுவந்த பழத்தைத் தெருவில் வைத்துவிட்டேன். இவள் நடமாடுகிறாள், அவர் கிடக்கிறார் என்று எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரியவில்லை என்று சொல்லமாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். வலது கை முழங்கை வரை சுருங்கிப்போய் இருக்கிறது. "அக்கா, திட்டுறதுன்னா உள்ள வந்து உக்காந்து திட்டுங்க" என்றாள். திட்டவில்லை. விஷயத்தைச் சொன்னேன். போனில் பேச ஆரம்பித்து ஆரம்பித்து அழுதாள். "அழுதா அவுக இன்னும் வேகமாத்தான் ஓடுவாக. சும்மா எப்பவும் பேசுற மாதிரிப் பேசு" என்றேன். கடைசியில் பேசினாள். தனியாக அனுப்பியிருக்கிறேன், கேள்.

அவள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். கூட ஒரு சொல் சேர்க்கச் சொல்லவில்லை.

இப்படிக்கு
அருணாதேவி


பெங்களூரு
9-1-2025

அன்புள்ள மதினிக்கு,

மதுரையில் இரண்டாம் தடவை படம் எடுத்த அன்று நான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டதை மன்னியுங்கள். என் கண்ணை நானே நம்பவில்லை. யாருடைய படம் என்று சொல்லாமல் இரண்டு பேரிடம் கொடுத்துத் தனித்தனியாகக் கணக்குப் போடச் சொன்னேன். இன்று இரண்டு கணக்கும் வந்துவிட்டது. ஒன்றுபோல இருக்கின்றன.

முதலில் யார் குரலும் இல்லாமல் மெஷினை ஓட்டினோம். கால்களின் இடம் தெரிந்தது. சத்தத்தைக் குறைத்திருந்தும் தெரிந்தது. என் குரலில் "நில்லுங்கண்ணே" என்றேன். நிற்கவில்லை. அடுத்ததாக அவள் குரலைப் போட்டோம். "அண்ணாச்சி, நான் ஆவுடைத்தாய். நான் வெளிய வந்துட்டேன். வேப்பமரத்தடியில உக்காந்திருக்கேன். உள்ள ஒருத்தரும் இல்ல. நீங்க வந்து உக்காருங்க."

மெஷின் மறுபடி முழங்கியது. கால்களின் இடம் மங்கியிருந்தது. இன்னொரு தடவை அதே குரல். அதன்பின் அது இல்லவே இல்லை. சத்தம் அதே சத்தம்தான் மதினி. அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நான், "அண்ணே, சரம் பின்னுங்க" என்றேன். கையின் இடம் தெரிந்தது. "போதும்" என்றேன், அணைந்தது. "பின்னுங்க" என்றேன், வந்தது. சோதனை முடியும்வரை ஒரு தடவைகூடத் தப்பவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் அழுததை எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

அவர் எழுந்து நடப்பார் என்று இந்தப் படம் சொல்லவில்லை. பேசுவார் என்றும் சொல்லவில்லை. அதை நான் மறைக்கமாட்டேன், மறைத்தது போதும். ஆனால் அவர் இருக்கிறார். கேட்கிறார். இனி அவரிடம் ஒன்றைக் கேட்டு, ஆம் என்றால் பின்னுங்கள், இல்லை என்றால் சும்மா இருங்கள் என்று பதிலும் வாங்கலாம்.

அன்புடன்
பிரீத்திகா


திருத்தங்கல்
16-1-2025

அன்புள்ள பிரீத்திகாவுக்கு, பொங்கல் நல்லபடியாகக் கழிந்தது. உனக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

மூன்று மாதம் நான் அவரோடு பேசாமல் இருந்தேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்கும். அதைச் சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆவுடைத்தாய் நேற்று வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கம்பெனிக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் அடுப்படியில் இருந்தேன். அவள் பேச்சு நிற்கிற பாடாக இல்லை. பொங்கல் கொடுத்தேன், இடது கையால் சாப்பிட்டாள்.

டாக்டரிடம் போய் முன்பு சொன்னதை அடித்துவிடச் சொன்னேன். "அப்ப மெஷின் வேணுமாம்மா?" என்றார். "அவுகளைக் கேட்டுச் சொல்லுதேன் சார்" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அடுத்த தடவை மதுரையில் நீ கேட்க வேண்டியது அதுதான். அவர் என்ன சொன்னாலும் நான் அதன்படி நடப்பேன்.

உன் கடிதத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்தேன். இதையும் எழுதி முடித்ததும் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். மிச்சம் இருந்த காலண்டர்த் தாளைப் பிரஸ்ஸிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனிமேல் கடிதம் வேண்டாம் பிரீத்திகா. ஞாயிற்றுக்கிழமை போன் போடு. ஸ்பீக்கரில் வைக்கிறேன்.

இப்படிக்கு
அருணாதேவி, செந்தூர்பாண்டி